டேவிட் சௌரி முத்து

டேவிட் சௌரி முத்து சென்னையை அடுத்த தாம்பரத்தில் காச நோயாளிகளுக்கான சானடோரியத்தை நிறுவிய இந்திய மருத்துவர் ஆவார். இங்கிலாந்தில் பணியாற்றிய காலத்தில் கணிதமேதை இராமானுசனுக்கு மருத்துவம் பார்த்தவரும் இவரே.

இங்கிலாந்தில் பணி

காச நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை இராபர்ட் கோக் 1882-இல் கண்டறிந்திருந்தார். எனினும் அதனைக் கொல்லும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே அந்நாளைய மருத்துவம். சௌரி முத்து சமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய திறந்தவெளிச் சானடோரியம் ஒன்றை நடத்தி வந்தார். தமது 22 ஆண்டுக்காலப் பட்டறிவை 1922-இல் நூலாகவும் வெளியிட்டார்.

1914-இல் சென்னையிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் இராமானுசனுடன் இவரும் பயணம் செய்தார். 1917-இல் நோயுற்ற இராமானுசன் இவரது சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். சமைத்த சைவ உணவுக்கே தவித்த ஒருவருக்குக் குளிர்காற்று வீசும் அறையே மருந்தாகக் கூறப்பட்டதை எண்ணிப் பார்க்கலாம். இராமானுசன் அங்கு நெடுநாள் தங்கவில்லை. அவரைத் தாக்கியது காச நோயன்று, கல்லீரலைப் பாதித்த அமீபா நோயாகவே இருந்திருக்கலாம் என்று 1994-இல் ஓர் ஆய்வு கருதியது.

தாம்பரம் சானடோரியம்

தாயகம் திரும்பிய சௌரி முத்து, தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில் 1928 ஏப்ரல் 9 அன்று 12 படுக்கைகளுடன் சானடோரியத்தைத் தொடங்கினார். ஊருக்கு ஒதுங்கிய காற்றோட்டமான இடம் என்பதே அதன் சிறப்பு; இன்று அவ்வழியே செல்வோருக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். 1937-இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது.

பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்தன. சென்னையில் 1956-இல் தொடங்கிய காச நோய் வேதிமருத்துவ மையம், மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால் நெரிசலான வீட்டில் இருப்பவரும் சானடோரியத்தில் இருப்பவருக்கு இணையாகக் குணமடைவர் என்று 1959-இல் நிறுவியது. சௌரி முத்து வாழ்நாள் முழுதும் நம்பிய முறையின் தேவையை, அவர் சானடோரியம் அமைத்த நகரின் ஆய்வே நீக்கியது.

மருத்துவமனை மட்டும் நிலைத்தது. அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து, ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி போன்ற நோய்களுக்கும் மருத்துவம் அளிக்கிறது. 1990களில் எயிட்சு நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. அருகிலுள்ள தொடருந்து நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்பதாகும். நிறுவியவர் பெயரை அங்கு இறங்குவோருள் பலர் அறியார்.