சுல்தான் சுலைமானை வருத்திய கீல்வாயு

உதுமானியப் பேரரசை 46 ஆண்டுகள் ஆண்ட சுல்தான் சுலைமான் அவர்களின் பெயரைக் கேள்விப்படாத அன்பர் நம்மில் அரியர். 1494-ல் திரப்சோன் பட்டணத்தில் பிறந்து, 1520-ல் அரியணை ஏறினார். மறு ஆண்டே பெல்கிரேடைப் பிடித்தார்; அடுத்த ஆண்டு ரோட்ஸ் தீவு பணிந்தது. 1526-ல் மோஹாச் களத்தில் ஹங்கேரிய மன்னரின் சேனை அழிந்தது. சட்டங்களை ஒழுங்கு செய்தமையால் துருக்கியர் அவரைக் கானூனி என்றழைத்தனர். ஆனால் முதுமையில் அவருடைய கால்கள் பட்ட பாட்டைப் பள்ளிப் பாடம் சொல்வதில்லை.

அவரை வாட்டியது கீல்வாயு. தஞ்சோங் காராங் கடைத்தெருவில் நாம் கவுட் என்று சொல்லும் நோய். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால், அது ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக மூட்டில் தங்கும். உடல் அவற்றைப் பகையென்று எதிர்க்கும்போது மூட்டு சிவந்து, வீங்கி, கொதிக்கும். பெரும்பாலும் இரவில், கால் பெருவிரலில் தொடங்கும். போர்வை பட்டாலும் பொறுக்காது.

மது அருந்துவோர்க்கே இது வரும் என்பது பிழை. பரம்பரை, சிறுநீரகத் தளர்ச்சி, இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகள், ஈரல், நெத்திலி, இனிப்புப் பானம் இவையும் காரணமாகும். முதியோர் முழங்காலில் கால்சியப் படிகமும் இதே போன்ற வீக்கம் தரும். மூட்டு நீரை எடுத்து நுண்பெருக்கியில் பார்த்தால்தான் எது எதுவென்று உறுதியாகும். இந்தச் சோதனைக்கு வழி பிறந்தது 1961-ல்.

அக்கால ஹக்கீம்கள் அறிந்திருந்த மருந்து சூரஞ்சான் கிழங்கு. இப்னு சீனாவும் அதைக் குறித்து எழுதியுள்ளார். அவ்வினத்துச் செடியிலிருந்து 1820-ல் பிரித்தெடுத்த கோல்ச்சிசினை டாக்டர்கள் இன்றும் கொடுக்கிறார்கள்; அளவு மிஞ்சினால் விஷம். வலியை அடக்குவது வேறு, படிகத்தைக் கரைப்பது வேறு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் 1960-களில்தான் வந்தது. வலி தீர்ந்ததும் அதை நிறுத்திவிட்டுக் கடையில் போய் உட்கார்வோர் நம்மிடையே உண்டு. வலி போனாலும் படிகம் உள்ளேதான் இருக்கிறது. மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், டாக்டர் சொன்னபடி உண்ண வேண்டிய மருந்து அது. உடலில் தடிப்பு கண்டால் மட்டும் நிறுத்தி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சுலைமானுக்கு அவ்வசதி கிட்டவில்லை. 1566 மே மாதம், 71-வது வயதில், இஸ்தான்புல்லிலிருந்து கடைசிப் படையெடுப்புக்குப் புறப்பட்டார். குதிரையில் அமர இயலாமல் வழியின் பெரும்பகுதியை வண்டியிலேயே கழித்தார். மூன்று மாதத்தில் ஹங்கேரியின் சிகெத்வார் கோட்டையை அடைந்தார். முற்றுகை நடக்கையில், செப்டம்பர் 6 இரவு, கூடாரத்தில் வபாத்தானார். இரண்டு நாளில் கோட்டை விழுந்தது. இளவரசர் ஸலீம் வந்து சேரும் வரை, ஏறத்தாழ ஏழு வாரம், பிரதம வஸீர் சொகொல்லு முஹம்மது பாஷா மரணச் செய்தியை மறைத்து வைத்தார். அது அவருக்கு எளிதாயிற்று; சுல்தான் வெளிவராமல் வண்டிக்குள் இருப்பது சேனைக்குப் பழகிப்போன காட்சி.