பண்ணைக்குப் பயன் தந்தவர், பழிக்கும் ஆளானவர்: விஞ்ஞானி இலியா இவானோவின் இரு முகங்கள்

எமது நாட்டின் கிராமப்புறங்களில் பசு வேட்கைக்கு வந்துவிட்டால் நல்ல பொலிகாளையைத் தேடி அலையவேண்டிய நிலை இன்று பல இடங்களில் இல்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும். திரவ நைதரசன் நிரப்பிய கொள்கலத்துடன் பயிற்சி பெற்ற ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேருகிறார். சில நிமிடங்களில் பணி முடிந்துவிடுகிறது. பிறக்கப்போகும் கன்றின் தந்தையை அந்தப் பசுவும் காண்பதில்லை, அதன் சொந்தக்காரரும் காண்பதில்லை.

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் எனப்படும் இந்த முறையை ஆய்வுகூடத்திலிருந்து பண்ணைக்குக் கொண்டுவந்தவர் ரஷ்ய விஞ்ஞானி இலியா இவானோவிச் இவானோவ் ஆவார். ஆனால் அவரது பெயரை அறிந்தவர்களிற் பலர் பால் பண்ணையோடு அவரைத் தொடர்புபடுத்துவதில்லை. மனிதனையும் குரங்கையும் கலந்து புதியதோர் உயிரை உருவாக்க முயன்றவர் என்றே அவரை நினைவுகூருகின்றனர். இவ்விரண்டும் உண்மையே. எனவே அவரது வாழ்வை முழுமையாகப் பார்ப்பது அவசியமென நாம் கருதுகிறோம்.

1870 ஆம் ஆண்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்திலுள்ள ஷிக்ரி என்ற சிறு நகரில் இவானோவ் பிறந்தார். 1896 இல் கார்கோவ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அவர், பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவகத்திலும் சிறிது காலம் பயின்றார். பின்னர் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில், சமிபாடு குறித்த ஆய்வுகளுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இவான் பவ்லோவ் பணியாற்றிய பரிசோதனை மருத்துவ நிறுவகத்தில் தமது ஆய்வுகளைத் தொடங்கினார்.

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் இவானோவின் கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியப் பாதிரியாரும் விஞ்ஞானியுமான லசாரோ ஸ்பலன்சானி 1780 ஆம் ஆண்டளவிலேயே ஒரு பெண் நாயை இம்முறையிற் சினைப்படுத்திக் காட்டியிருந்தார். எனினும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது ஒரு விந்தையாகவே எஞ்சியிருந்தது. இவானோவ் கேட்ட கேள்வி எளிமையானது: கருக்கட்டலுக்கு இன்றியமையாதது எது? ஆண் விலங்கின் விந்துப் பாயத்தில் விந்தணுக்களோடு துணைச் சுரப்பிகளின் திரவங்களும் கலந்துள்ளன. அத்திரவங்கள் இல்லாமற் கருத்தரித்தல் நிகழாது என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. விதைப் பகுதியிலிருந்து நேரடியாகப் பெற்ற விந்தணுக்களைச் செயற்கைக் கரைசலொன்றில் இட்டுச் செலுத்தினாலும் கரு உருவாகும் என்பதை அவர் பரிசோதனைகள் மூலம் நிறுவினார். விந்தணுவை உடலுக்கு வெளியே கையாளலாம், ஐதாக்கலாம், பங்கிடலாம் என்பதே இதன் பொருள். இன்றைய தொழில்நுட்பம் முழுவதும் அந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது.

அன்றைய ரஷ்யாவில் உழவுக்கும் போக்குவரத்துக்கும் படைக்கும் குதிரையே ஆதாரமாக விளங்கியது. ஆகவே அவர் முதலிற் குதிரையையே தேர்ந்தெடுத்தார். 1901 இல் குதிரைகளுக்கான செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையமொன்றை நிறுவினார். உலகில் இத்தகைய நிலையங்களுள் அதுவே முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. அவர் கையாண்ட முறை இன்றைய கண்களுக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும். தூய்மையாக்கப்பட்ட கடற்பஞ்சு ஒன்றைப் பெண் குதிரையின் யோனியில் வைத்து, இயற்கைப் புணர்ச்சியின் பின்னர் அதனை வெளியே எடுத்துப் பிழிந்து, வடிகட்டிய விந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்து ஏனைய குதிரைகளுக்குச் செலுத்தினார். இயற்கை முறையில் ஒரு பருவத்தில் 20 முதல் 30 வரையான பெண் குதிரைகளையே சினைப்படுத்தக்கூடிய ஓர் ஆண் குதிரையைக் கொண்டு, 500 வரையான குதிரைகளைச் சினைப்படுத்த முடிந்தது.

இங்கு ஒரு விடயத்தைக் குறிப்பிட வேண்டும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலின் வெற்றி விந்தின் தரத்தில் மட்டுமன்றி நேரத்திலும் தங்கியுள்ளது. பசுவுக்கு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வேட்கை வருகிறது. அது ஒரு நாள்கூட முழுமையாக நீடிப்பதில்லை. வேட்கை அடங்கிச் சில மணித்தியாலங்களின் பின்னரே சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுகிறது. இந்த ஒழுங்கு முழுவதையும் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியும் சூலகமும் சுரக்கும் ஓமோன்களே நடத்துகின்றன. இவானோவ் தமது நிலையத்தைத் தொடங்கியபோது ஓமோன் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. அச்சொல்லை ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905 இலேயே பயன்படுத்தினார். சூலகத்தின் பிரதான ஓமோன்கள் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டமை 1929 இற்கும் 1934 இற்கும் இடைப்பட்ட காலத்திலாகும். ஆகவே விலங்கின் நடத்தையையும் உடல் மாற்றங்களையும் கூர்ந்து கவனிப்பதன் மூலமே அவரும் அவரிடம் பயின்ற கால்நடை வைத்தியர்களும் உரிய நேரத்தைக் கணிக்க வேண்டியிருந்தது.

முதலாம் உலகப் போரும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் ரஷ்யாவின் கால்நடை வளத்தைச் சிதைத்தன. எஞ்சிய சில நல்ல பொலி விலங்குகளைக் கொண்டு மந்தைகளை மீளக் கட்டியெழுப்ப வேண்டியிருந்த புதிய சோவியத் அரசுக்கு இவானோவின் முறை பெரிதும் கைகொடுத்தது. குதிரைகளுக்கு மட்டுமன்றி மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 1922 இல் அவரது கட்டுரையொன்று பிரித்தானியாவின் விவசாய விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்து மேற்குலகின் கவனத்தை ஈர்த்தது. அதற்கு முன்னரே, அவரிடம் பயின்ற ஜப்பானியரான இஷிகாவா 1912 இல் தமது நாட்டிற் குதிரைகளுக்கு இம்முறையை அறிமுகப்படுத்தியிருந்தார். ரஷ்ய அனுபவத்தை அறிந்த டென்மார்க் நாட்டவர் 1936 இல் பாற்பண்ணையாளர்களின் முதலாவது செயற்கைமுறைச் சினைப்படுத்தல் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தனர்.

இவ்வளவோடு அவரது கதை முடிந்திருந்தால், பாடநூல்களில் மதிப்புடன் குறிப்பிடப்படும் ஒருவராக அவர் நின்றிருப்பார். ஆனால் அவரது ஆர்வம் வேறொரு திசையிலும் வளர்ந்தது. இயற்கையில் ஒன்று சேராத விலங்கினங்களையும் தமது முறையினாற் கலக்கலாம் என அவர் கண்டார். இன்று உக்ரைனில் உள்ள அஸ்கானியா நோவா என்ற விலங்குச் சரணாலயத்தில் வரிக்குதிரை, கழுதை, காட்டெருது, பசு முதலியவற்றைக் கொண்டு கலப்பினங்களை உருவாக்கினார். 1910 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடைபெற்ற விலங்கியலாளர் மாநாட்டில், மனிதனுக்கும் மனிதக் குரங்குக்கும் இடையிலும் இது சாத்தியமாகலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

பதினைந்து ஆண்டுகளின் பின் அக்கருத்துக்கு அரச ஆதரவு கிடைத்தது. மனிதனும் குரங்கும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை நிறுவினால் மதத்தின் பிடி தளரும் எனச் சோவியத் அதிகாரிகள் சிலர் எண்ணினர். 1925 இல் 10,000 டொலர் ஒதுக்கப்பட்டது. பாஸ்டர் நிறுவகம், பிரெஞ்சு கினியாவின் கின்டியா நகரிலிருந்த தனது குரங்கு நிலையத்தைப் பயன்படுத்த அனுமதித்தது. 1926 இல் அங்கு சென்ற இவானோவுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அங்கிருந்த சிம்பன்சிகள் யாவும் பருவமடையாத குட்டிகளாகவே இருந்தன.

அவ்வாண்டுக் கோடையில் பாரிஸ் திரும்பிய அவர், குரங்குகளின் சுரப்பிகளை மனிதருக்கு ஒட்டி இளமையை மீட்பதாகக் கூறிப் புகழ் பெற்றிருந்த சத்திரசிகிச்சை நிபுணர் சேர்ஜ் வொரொனோவுடன் இணைந்தார். பெண்ணொருத்தியின் சூலகத்தை நோரா என்ற சிம்பன்சிக்குப் பொருத்தி, அதற்கு மனித விந்தைச் செலுத்திப் பார்த்தனர். பயன் கிட்டவில்லை. மீண்டும் கினியா சென்று, 1927 பெப்ரவரியில் இரு பெண் சிம்பன்சிகளுக்கும் ஜூனில் மேலும் ஒன்றுக்கும் மனித விந்தைச் செலுத்தினார். எதுவும் சினைப்படவில்லை.

அவரது வாழ்வின் மிக இருண்ட பக்கம் இக்காலத்துக்கே உரியது. கொனாக்ரி வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் ஆபிரிக்கப் பெண்களுக்கு, அவர்களுக்குத் தெரியாமலேயே சிம்பன்சியின் விந்தைச் செலுத்த அவர் திட்டமிட்டார். வைத்தியசாலையில் இதனைச் செய்யப் பிரெஞ்சு ஆளுநர் அனுமதிக்கவில்லை. மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் இத்திட்டத்தைக் கண்டித்தனர். ஆனால் அக்கண்டனத்திலும், ஐரோப்பிய வைத்தியர்கள் மீது ஆபிரிக்கர் கொண்ட நம்பிக்கை குலைந்துவிடும் என்ற கவலையே மேலோங்கியிருந்தது. அப்பெண்களின் உரிமை பற்றி எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அந்நியர் ஆட்சியின் கீழ் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்களான நாம் இதனை இலகுவிற் கடந்து செல்ல இயலாது. மந்தையை நோக்கிய அதே கண்ணோடு மனிதரையும் நோக்கிய தவறு அது.

1927 இல் சிம்பன்சிகள் சிலவற்றுடன் அவர் நாடு திரும்பினார். அவற்றிற் பல வழியிலேயே இறந்தன. கருங்கடற் கரையிலுள்ள சுகுமி நகரில் குரங்கு நிலையம் அமைக்கப்பட்டது. இம்முறை தாமாக முன்வரும் பெண்களைக் கொண்டு பரிசோதனை செய்யத் திட்டமிடப்பட்டது. ஆனால் அங்கு எஞ்சியிருந்த ஒரேயொரு பருவமடைந்த ஆண் குரங்கான ஒராங்குட்டான் 1929 இல் இறந்தது. பரிசோதனை நடைபெறவேயில்லை.

அரசியற் காற்று அதற்குள் திசை மாறியிருந்தது. விவசாய, கால்நடைத்துறை நிபுணர்கள் நாடெங்கும் கைதாகிக் கொண்டிருந்தனர். 1930 டிசம்பரில் இவானோவும் கைது செய்யப்பட்டு, ஐந்தாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று, கசாக்ஸ்தானின் அல்மா ஆட்டாவுக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள கால்நடைக் கல்வி நிறுவகத்திற் பணியாற்றியபோது, 1932 மார்ச் 20 ஆம் திகதி பக்கவாத நோயினாற் காலமானார். அஞ்சாது அவருக்கு இரங்கலுரை எழுதியவர் முதிய பவ்லோவ்.

ஸ்டாலினின் கட்டளைப்படி குரங்கு மனிதப் படையொன்றை உருவாக்க முனைந்தவர் என்ற கதை அவரைப் பற்றிப் பிற்காலத்திற் பரவியது. ஆவணங்களை ஆராய்ந்து ரஷ்ய வரலாற்றாய்வாளர் கிரில் ரொசியானோவ் 2002 இல் வெளியிட்ட ஆய்வு போன்றவற்றில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. உண்மையே போதிய அளவு கசப்பானது. அதற்குப் புனைவு தேவையில்லை.

அவர் மறைந்த பின்னரும் பண்ணைப்பணி தொடர்ந்தது. விக்டர் மிலோவானோவ் போன்றோர் கடற்பஞ்சுக்குப் பதிலாகச் செயற்கை யோனியைப் பயன்படுத்தினர். 1949 இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவரது சகாக்களும் கிளிசரோலைக் கொண்டு விந்தை உறையவைத்துப் பாதுகாக்கும் வழியைக் கண்டனர். பின்னர் புரொஸ்டகிளாண்டின் ஊசி மூலம் பல பசுக்களை ஒரே நாட்களில் வேட்கைக்குக் கொண்டுவரவும் முடிந்தது. இவானோவ் கண்ணால் தேடிய நேரத்தை இன்று ஓமோன் கொண்டு நிர்ணயிக்கின்றனர்.

ஒரே கரங்கள், ஒரே கருவி. லாயத்தில் அவை ஏழை விவசாயிக்கு நல்ல கன்றைக் கொடுத்தன. கொனாக்ரியில் அதே கரங்கள் மனித கௌரவத்தை மீற முனைந்தன. இவ்விரண்டையும் பிரித்தது அறிவின் அளவன்று. கருவிக்கு முன்னால் நிற்பவர் தமது சம்மதத்தைக் கூறும் உரிமையுள்ள மனிதர் என்ற உணர்வே அது. ஓமோன்களும் மரபணுக்களும் மனிதர் கைக்கு மேன்மேலும் வசப்பட்டு வரும் இக்காலத்தில், இவானோவின் சாதனையை நன்றியுடன் நினைவுகூர்வது போலவே அவரது தவறையும் மறவாதிருப்பது எமது கடமையாகும்.