ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதர் (ஆகஸ்ட் 2, 1859 – ஆகஸ்ட் 31, 1919) தமிழிசை ஆய்வாளர், சித்த மருத்துவர், ஆசிரியர், இசைப்பாடல் இயற்றியவர் ஆவார். தமிழிசையின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்த கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917 இல் வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உள்ளன என்ற கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருந்த காலத்தில், அவை சம அளவுள்ள 24 என்று நிறுவ முயன்றார். சுரத்தின் இடத்தை மரபுவழிச் சொல்லை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், எண்ணாகக் கணித்துக் கருவியில் வாசித்துச் சோதிக்க வேண்டும் என்பது இவரது ஆய்வுமுறை. கணினியில் இசையொலியை உருவாக்கும் இன்றைய கட்டற்ற மென்பொருள்களும் இத்தகைய கணக்கையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

பிறப்பும் இளமையும்

இவர் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்குப் பிறந்தார். அவ்வூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தொடக்கக் கல்விக்குப் பின், ஆசிரியப் பயிற்சி பெறுவதற்காகத் திண்டுக்கல்லுக்குச் சென்றார்.

திண்டுக்கல் ஆண்டுகள்

அக்காலத்தில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகும் (தனி மாவட்டமானது 1985 இல்). 1870களில் அங்குள்ள ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்ற ஆபிரகாம், பின்னர் அவ்வூரிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். பிற்கால வாழ்வுக்கு வேண்டிய பல கலைகளின் தொடக்கம் இவ்வூரில்தான் அமைந்தது. புகைப்படக் கலையையும் அச்சுக் கலையையும் பள்ளியில் கற்றார். சடையாண்டி பத்தர் என்பவரிடம் வயலின் பயின்றார்.

சித்த மருத்துவத்தில் நாட்டம் கொண்டு மூலிகைகளைத் தேடி மலைகளுக்குச் சென்று வந்தார். கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய சுருளி மலையில் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து, அவரிடமிருந்து மருந்து முறைகளை அறிந்துகொண்டார். அவரைத் தம் குருவாக ஏற்ற ஆபிரகாம், பிற்காலத்தில் தாம் உருவாக்கிய மருந்துகளுக்கும் தோட்டத்திற்கும் நூலுக்கும் அப்பெயரை ஒட்டியே பெயரிட்டார்.

தஞ்சாவூரில்

1882 இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அதன் பின்னர் இருவரும் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். 1890 அளவில் அப்பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். மூலிகைகளைப் பயிரிடுவதற்காகத் தஞ்சைக்கு வெளியே அமைத்த நிலம் பண்டிதர் தோட்டம் என்று அழைக்கப்பட்டது. இவரது சஞ்சீவி மருந்துகள் இந்தியாவுக்கு வெளியிலும் விற்பனையாயின. இவருக்கு அரசு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி இவரது தோட்டத்தைப் பார்வையிட்டார். அவர் பெயரால் பண்டிதர் தஞ்சையில் ஓர் அச்சகத்தை நிறுவினார்.

மருத்துவத்தில் ஈட்டிய பொருளின் பெரும்பகுதியை இசை ஆய்வுக்குச் செலவிட்டார். 1912 இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கி, தஞ்சையில் தொடர்ந்து இசை மாநாடுகளை நடத்தினார். பாடகர்களும் கருவியிசைக் கலைஞர்களும் அறிஞர்களும் ஒன்றுகூடி இராக இலக்கணத்தையும் சுருதிகளையும் அவற்றில் விவாதித்தனர்.

சுருதி ஆராய்ச்சி

ஷட்ஜம பஞ்சம முறைப்படி, ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை 3/2 ஆல் பெருக்கினால் அதன் பஞ்சமம் கிடைக்கும். இவ்வாறு பன்னிரண்டு முறை பெருக்கினால் தொடங்கிய சுரத்திற்கே, ஏழு ஸ்தாயி மேலே, வந்து சேர வேண்டும். ஆனால் 3/2 ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வருகிறது. ஏழு ஸ்தாயிக்கு உரிய மதிப்போ 128 ஆகும். வட்டம் மூடுவதில்லை. இந்தச் சிறு மிச்சத்தை எங்கே வைப்பது என்பதே சுருதிக் கணக்கின் பழைய சிக்கல்.

பண்டிதரின் விடை, ஸ்தாயியைச் சம விகிதத்தில் பிரிப்பதாகும். ஒவ்வொரு சுரத்தையும் ஏறத்தாழ 1.05946 ஆல் பெருக்கிச் சென்றால் பன்னிரண்டாம் படியில் சரியாக இரு மடங்கு கிடைக்கும். 1.02930 ஆல் பெருக்கினால் 24 ஆம் படியில் கிடைக்கும். சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளையும் உரைகளையும் ஆராய்ந்து, ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்னும் பாலை வகைகளில் இத்தகைய சமப் பகுப்பு இருப்பதாக அவர் விளக்கினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இக்கணக்குகளை விரிவான அட்டவணைகளாகத் தந்தார்.

1916 இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில் தம் கருத்தை முன்வைத்தார். அவருடன் சென்ற மகள்கள் வீணை வாசித்து அதை விளக்கிக் காட்டினர். 22 சுருதிக் கொள்கையின்படி கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அலுவலர் வடிவமைத்த சுருதி ஆர்மோனியமும் அம்மாநாட்டில் இடம்பெற்றது. கருத்து வேறுபாடு அங்கே தீரவில்லை. மறு ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கருணாமிர்த சாகரத்தின் முதல் பகுதி வெளிவந்தது.

கணினி இசையும் பண்டிதரின் கணக்கும்

1983 இல் அறிமுகமான மிடி முறை, சுரங்களை 0 முதல் 127 வரையிலான எண்களால் குறிக்கிறது. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே வழக்கமாகக் கொள்ளப்படும் விகிதம் அதே 1.05946 ஆகும். லினக்ஸ் இயங்குதளத்திலும் இயங்கும் சிசவுண்ட், பியூர் டேட்டா, சூப்பர் கொலைடர் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் இப்பகுப்பை மாற்றிக்கொள்ளலாம். பியூர் டேட்டாவில் 60 க்கும் 61 க்கும் நடுவே 60.5 என்று கொடுத்தால் 24 சமப் பகுப்பின் ஒரு சுருதி ஒலிக்கும். சூப்பர் கொலைடரில் ஸ்தாயியின் படிகளை 24 என அமைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் இவ்வாறே சோதிக்க இயலும். ஷட்ஜமம் நொடிக்கு 240 அதிர்வுகள் எனில், 3/2 முறையில் பஞ்சமம் 360 ஆகும். சமப் பகுப்பில் ஏறத்தாழ 359.59 ஆகும். மேற்சுரங்கள் செறிந்த ஒலியில் இரண்டாம் பஞ்சமத்தை ஷட்ஜமத்துடன் சேர்த்து ஒலிக்கச் செய்தால், ஏறத்தாழ ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை ஒலி மெல்ல ஏறி இறங்கும். தம்புராவுடன் இணைந்து பாடுபவர் தவிர்க்க முயல்வது இந்த அலைவைத்தான். ஆகவே சமப் பகுப்பு கணக்கில் நிறைவாக இருந்தாலும், செவி அதை முழுதும் ஏற்கும் என்று கூற இயலாது. மேலும், கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதால், எந்த எண்ணிக்கையும் இராகத்தின் முழு வடிவத்தைத் தந்துவிடுவதில்லை.

மறைவும் மதிப்பீடும்

பண்டிதர் 1919 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று காலமானார். நூலின் இரண்டாம் பகுதி அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. 24 சமச் சுருதிக் கொள்கையை இசையறிஞர் பலர் ஏற்கவில்லை. விபுலானந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலில் 22 சுருதிகளைக் கொண்டே பழந்தமிழ்ப் பண்களை விளக்கினார். எனினும், சிலப்பதிகாரத்தை இசை நூலாகவும் படிக்க வேண்டும் என்பதைப் பிற்கால ஆய்வாளர்களுக்கு உணர்த்தியதில் பண்டிதருக்குப் பெரும்பங்கு உண்டு. தம் முடிவை எவரும் கணக்கிட்டும் வாசித்தும் சரிபார்க்கும் வகையில் அட்டவணைகளுடன் அச்சிட்டு வைத்ததால், அம்முடிவை ஏற்காதவர்களுக்கும் அவரது நூல் பயன்படுகிறது.