தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன்

யாழ்ப்பாணத்தில் டொக்டர் கிறீனின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. மலையகத்தில் வளர்ந்த எம்மில் பலருக்கு அது புதிய பெயர். எமது நூற்றாண்டு மலருக்குக் கிறிஸ்தவ வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு சங்கத்தினர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். பதுளையில் இருந்துகொண்டு மானிப்பாய் மனிதரை ஏன் நினைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டரில் பிறந்தார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்று உழைத்தவர். அந்த நகரத்தில் அண்ணனுக்குப் பெரும் பெயர். தம்பியோ அதே நகரத்தில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறினார். 1847 ஒக்டோபரில் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்த காலத்தை நாம் மறக்கக்கூடாது. ஈதர் மயக்க மருந்து பொஸ்டன் நகரில் வெளிப்படையாகச் செய்துகாட்டப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. நோய்க்கிருமி பற்றிய அறிவு இன்னும் பிறக்கவில்லை. வாந்திபேதி வந்தால் ஊரே அழிந்தது. அதே ஆண்டுகளில்தான் எமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்து வந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் அவர்களில் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின.

யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி வைத்தியர்களில் கிறீன் முதல்வர் அல்லர். வேலூர் ஐடா ஸ்கடரின் பாட்டனாரான ஜோன் ஸ்கடர் 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கியிருந்தார். ஆனால் ஊர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்குவதையே தமது முழுப் பணியாகக் கொண்டவர் கிறீன். 1848இல் மானிப்பாய்க்கு மாறி, அங்கே ஒரு சில மாணவர்களுடன் வகுப்பை ஆரம்பித்தார். தமிழையும் கற்றுக்கொண்டார். நோயாளிகள் கூடியிருக்கும் இடத்தில் வேதம் வாசித்து ஜெபித்த பிறகே மருந்து கொடுக்கத் தொடங்குவது மிஷன் வழக்கம். கிறிஸ்தவராகும் தமிழர் உடையிலும் பழக்கத்திலும் ஐரோப்பியராக மாற வேண்டியதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அக்கால மிஷனரிகளில் இப்படி நினைத்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். படித்து முடித்தவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. நல்ல சம்பளம். அவர்கள் போய்விட்டார்கள். கிராமங்கள் முன்போலவே வைத்தியர் இல்லாமல் கிடந்தன. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்று ஊவாவிலிருந்து வைத்தியர்களாகும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊவாவுக்குத் திரும்புகிறோம்? கிறீன் கண்ட வழி வேறு. தமிழிலேயே கற்பித்தால் படித்தவர்கள் தமிழர் நடுவிலேயே தங்குவார்கள் என்று நினைத்தார். ஓய்வுக்காக அமெரிக்கா சென்று, 1862இல் மணம்முடித்து, மனைவி மார்கரெட்டுடன் திரும்பிய பின் அதைச் செயலிலும் காட்டினார்.

தமிழில் கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே! அதற்கான வேலையை 1850களிலேயே தொடங்கியிருந்தார். 'பிரசவ வைத்தியம்' 1857இல் வந்தது. 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல். 1872இல் 'வைத்தியாகரம்'. அதே ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்'. இது கிரேயின் அனட்டமி. நாங்கள் மருத்துவபீடத்தில் தூக்கிச் சுமந்த அதே கிரே! இலண்டனில் அது முதலில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் இருந்தது. மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் வரிவரியாகத் திருத்தினார். தமிழில் சொல் இருந்தால் தமிழ்ச்சொல், இல்லையென்றால் வடசொல், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார்கள். சில பெயர்கள் வாயில் நுழையா. 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். எல்லாமாகச் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

அந்த அறுபது பேரில் ஒரு பெண்கூட இல்லை. உடுவிலில் 1824 முதல் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை இருந்தும், பிரசவ வைத்திய நூல் தமிழில் அச்சாகியும், அதைப் படித்தவர்கள் ஆண்களே. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறீனின் காலத்தில் அது முடியாத காரியம் என்பார்கள். இருக்கலாம். பெண்கள் பாடசாலையொன்றின் மலரில் இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. உத்தியோகமும் மதிப்பும் அந்தப் பக்கம் போயின. கிறீனுக்குப் பின் தமிழ் மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. நானும் ஆங்கிலத்தில் படித்தவள்தான். பெண்கள் வார்டில் கடமை பார்க்கும்போது, லயத்திலிருந்து வந்த ஒரு தாய் தனக்குக் கர்ப்பப்பையில் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்கிறார். கையொப்பமிடும்படி கொடுத்த தாள் அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. பக்கத்தில் தமிழ் தெரிந்த தாதியும் இல்லாத நாட்களில் அந்தத் தாய் பேசாமல் ஒப்பமிடுகிறார். நான் தமிழில் விளக்கப் போனாலும் பாதிச் சொற்களுக்குத் தடுமாறுகிறேன். அந்தச் சொற்களையெல்லாம் ஒரு வெள்ளைக்காரர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தேடி எழுதி வைத்திருந்தார் என்பதை நான் அறிந்துகொண்டது மருத்துவம் படித்து முடித்த பின்னரே. கிறீனை நான் நினைத்ததன் காரணம் இதுதான்.

உடல்நலம் கெட்டு 1873இல் கிறீன் குடும்பத்துடன் ஊர் திரும்பினார். வேலை நிற்கவில்லை. வூஸ்டரிலிருந்தே தமிழ் ஏடுகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 'கெமிஸ்தம்' 1875இலும், உடற்றொழிலியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883இலும் அப்படி வெளிவந்தவை. 1884 மே 28ஆம் திகதி அவர் காலமானார். தமிழர்களின் மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வூஸ்டர் மயானத்தில் அவ்வாறே பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணம் போகும் பழைய மாணவிகள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.