தெரியவில்லை என்று எழுதிய மாணவர்

இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் இருப்பதாக உயிரியல் பாடத்தில் படித்திருப்போம். அந்தப் பெயருக்கு உரியவர் பால் லாங்கர்ஹான்ஸ். அவற்றைக் கண்டறிந்தபோது அவருக்கு வயது 21. அப்போது அவர் மருத்துவ மாணவர்.

1847ல் பெர்லினில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த அவர், சிறுவயதிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோவிடம் பயின்றார். 1868ல் தோலில் உள்ள ஒருவகை உயிரணுக்களைப் பற்றி எழுதினார். அவற்றை நரம்பணுக்கள் என்று கருதினார். அவை நோய் எதிர்ப்புக்கு உதவுபவை என்பது சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

அடுத்த ஆண்டு, பட்ட ஆய்வுக்காக முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செரிமான நீர் சுரக்கும் உயிரணுக்களுக்கு நடுவே, வேறுவிதமான உயிரணுக்கள் சிறு கூட்டங்களாகத் தெரிந்தன. அவற்றின் வேலை என்ன? ஒரு விளக்கத்தை இட்டுக்கட்டி எழுதியிருக்கலாம். ஆனால் தமக்குத் தெரியவில்லை என்றே ஆய்வேட்டில் பதிவு செய்தார்.

பின்னர் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1874ல் தாயைக் கொன்ற அதே காசநோய் அவரையும் பற்றியது. பணியை விட்டுவிட்டு, இதமான வானிலை கொண்ட மடெய்ரா தீவுக்குச் சென்றார். அங்கே நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார், கடற்புழுக்களையும் ஆராய்ந்தார். 1888ல் சிறுநீரகம் செயலிழந்து, 40 வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு இனிப்புநீர் வந்தது. 1893ல் லகேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த உயிரணுக் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரைச் சூட்டினார். 1921ல் டொரோண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. இது எதையும் அவர் அறியவில்லை.

அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களுக்குள் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறித் தேங்கினால் என்னவாகும்? கொலஸ்ட்ராலை வெளியேற்றும் ஒரு புரதம் பீட்டா உயிரணுக்களில் இல்லாத எலிகளை 2007ல் ஆராய்ந்தார்கள். அவற்றின் பீட்டா உயிரணுக்களில் கொலஸ்ட்ரால் சேர்ந்தது. சர்க்கரை ஏறும்போது இன்சுலின் சுரப்பதும் குறைந்தது. இரத்தக் குழாய்க்கு மட்டுமல்ல, இந்தத் திட்டுகளுக்கும் கொலஸ்ட்ரால் சுமையாகலாம் என்பதை இது காட்டுகிறது.

மாணவர்களே, ஆய்வறிக்கையில் விடை தெரியாத இடம் வரும்போது பயப்பட வேண்டாம். பார்த்ததைச் சரியாக எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். மீதியை வேறொருவர் தொடர்வார்.