தமிழ் மண்ணில் ஊன்றிய விதை: வீரமாமுனிவரின் வாழ்வும் தொண்டும்

விழா எடுக்கும் பங்கு தன் ஆலயச் சுவர்களை மட்டும் புதுப்பித்தால் போதாது. தன் விசுவாசத்தின் வேர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வகையில், கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மக்களாகிய நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ள பெரியார் ஒருவரின் வாழ்வை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம். அவரே வீரமாமுனிவர்.

அவர் வாழ்வை அறியுமுன், அவர் பிறந்த ஐரோப்பாவைச் சற்று நோக்குவோம். உரோமைப் பேரரசு சிதைந்தபின் ஐரோப்பாவில் கல்வி விளக்கு பெரும்பாலும் துறவு மடங்களில்தான் எரிந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின்படி வாழ்ந்த துறவியர் செபித்தனர், நிலத்தை உழுதனர், பழைய ஏடுகளைப் படியெடுத்துக் காத்தனர். 863ஆம் ஆண்டில் ஸ்லாவிய மக்களிடம் அனுப்பப்பட்ட புனித சிரில், மெத்தோடியுஸ் என்னும் சகோதரர்கள் அம்மக்களின் மொழிக்கென எழுத்து வடிவம் அமைத்து, அம்மொழியிலேயே வழிபாடும் நடத்தினர். இடைக்காலத் திருச்சபையில் குறைகளும் உண்டு. சிலுவைப் போர்களையும் விசாரணை மன்றங்களையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு மக்களின் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் தந்து, அவர்கள் நெஞ்சில் நற்செய்தியை விதைக்கும் வழக்கம் அக்காலத்தில் உரம் பெற்றது என்பது உண்மை. அவ்வழக்கமே ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் நம் தமிழ் மண்ணுக்கும் வந்தது.

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் கொன்ஸ்தாந்தீன் சோசப் பெஸ்கி பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் என்று நாம் போற்றும் அலோசியுஸ் கொன்சாகாவை ஈன்றதும் அதே ஊர்தான். இலத்தீன் மகாகவி விர்ஜில் பிறந்ததும் மாந்துவாவின் அருகில்தான். புனிதரின் ஊர்க்காரர், மகாகவியின் நாட்டார். பக்தியும் காவியமும் அவரிடம் ஒன்றுகூடியதில் வியப்பில்லை.

1698இல் சேசு சபையில் சேர்ந்த அவர், குருப்பட்டம் பெற்றபின் 1710இல் கோவா வந்து இறங்கினார். மறு ஆண்டு மதுரை மறைத்தளத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தம் பெயரின் பொருளுக்கேற்பத் தைரியநாதர் என்று முதலில் பெயர் பூண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்று தமிழுலகம் அவரை அழைத்தது. இராபர்ட் தெ நொபிலியும் புனித அருளானந்தரும் காட்டிய வழியில் காவியுடை தரித்தார்; புலால் நீக்கினார்; ஓலைச் சுவடிகளோடு புலவர்களை நாடிச் சென்று பாடம் கேட்டார். சுப்பிரதீபக் கவிராயர் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் என்பது வழிவழி வரும் செய்தி.

அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாத ஊர்கள் இரண்டு. ஒன்று, கொள்ளிடக் கரைக்கு அருகில் உள்ள ஏலாக்குறிச்சி. அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல அன்னைக்கு ஆலயம் அமைத்தார். மற்றொன்று, நம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு அருகில் உள்ள கோணான்குப்பம். முகாசாபரூர்க் கச்சிராயர் குடும்பத்தோடு தொடர்புடைய இத்தலத்தின் வரலாற்றை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். முனிவர் காட்டில் விட்டுச் சென்ற அன்னையின் சுரூபத்தைச் சிறுவர் கண்டெடுத்தனர் என்றும், பிள்ளைப்பேறின்றி வருந்திய கச்சிராயர் அன்னையின் அருளால் மகப்பேறு பெற்றுக் கோயில் எழுப்பினார் என்றும் மரபு கூறும்.

மரபு ஒருபுறம் இருக்க, கண்ணால் காணும் உண்மை ஒன்று உண்டு. அங்கே தேவமாதா சேலை உடுத்திய தமிழ்த் தாயாக நிற்கிறாள். அவளுக்கு முனிவர் சூட்டிய பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துச் சிவாலயத்தில் அம்மனுக்கு வழங்கும் பெயரும் அதுவே. மக்கள் தாயை எப்பெயரால் அழைத்துப் பழகினரோ அப்பெயராலேயே இயேசுவின் தாயையும் அவர்கள் அழைக்கட்டும் என்று அவர் கருதினார் போலும்.

அவர் தமிழுக்குச் செய்த தொண்டு அளவிடற்கரியது. புனித சூசையப்பரின் வாழ்வைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடினார். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட அந்நூல் 1726இல் நிறைவுற்றது. சூசை என்னும் எபிரேயப் பெயருக்கு வளர்ச்சி என்ற பொருள் உண்டாதலின் அவரை வளன் என்று அழைத்தார். யூதேயா நாட்டைப் பாடவந்தவர், தமிழ்நாட்டு வயலையும் மழையையும் ஆற்றையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். சிந்தாமணியும் கம்பன் காவியமும் அவர் கவிக்குச் செவிலித்தாயர்.

ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் இயற்றினார். 1732இல் சதுரகராதியைத் தந்தார். அதற்குமுன் சொற்பொருள் அறிய விரும்பியோர் செய்யுளாக அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அகரவரிசையில் சொல்லைத் தேடும் எளிய வழியை முனிவர் திறந்துவிட்டார். எ, ஏ என்பவற்றுக்கும் ஒ, ஓ என்பவற்றுக்கும் ஓலையில் வேறுபாடு தெரியாமல் படிப்போர் இடர்ப்பட்டனர். நெடிலுக்குத் தனிக்கோடும் சுழியும் தந்து அவ்விடரை நீக்கினார். இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் ஏணி என்றும் ஓடம் என்றும் எழுதும்போது அவருடைய கைவண்ணத்தையே எழுதுகின்றனர். பரமார்த்த குரு கதையால் நம்மைச் சிரிக்கவைத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து ஐரோப்பியருக்கு வள்ளுவரை அறிமுகப்படுத்தினார்.

சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியில் அந்நாளில் லுத்தரன் சபையினர் அச்சுக்கூடம் நடத்தினர். அவர்களோடு முனிவர் கடுமையாக வாதிட்டு நூல்கள் எழுதினார். ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது அதே தரங்கம்பாடியில்தான். கொள்கையால் பிரிந்தோரையும் தமிழ் ஒன்றாக அமரவைத்தது.

இத்தகைய பணி எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. சுதேச வழக்கங்களைக் கிறிஸ்தவர் கைக்கொள்ளலாமா என்னும் வழக்கு திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஆண்டகை பல வழக்கங்களுக்குத் தடை விதித்தார். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதனை உறுதி செய்தார். முனிவரின் மறைப்பணிக் காலம் முழுவதும் இவ்வழக்கின் நிழலில் கழிந்தது.

இங்கே நாம் நேர்மையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தடைகள் எல்லாம் தவறானவை அல்ல. தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைக்குள் சென்று நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்களை வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என்பதும் அவ்வாணையில் அடங்கும். மதுரை மறைத்தளத்தார் நம் மொழியை ஏற்றனர், உடையை ஏற்றனர். அவற்றோடு சாதிப் பிரிவினையையும் பொறுத்துக்கொண்டனர். மொழியும் உடையும் நம்மை வளர்த்தன. சாதியோ இன்றளவும் கிறிஸ்துவின் உடலைக் கூறுபோடுகிறது. மண்ணின் மணத்தை ஏற்பது வேறு, மண்ணின் நோயை ஏற்பது வேறு என்பதை அவர் காலம் நமக்குக் கற்பிக்கிறது.

திருச்சியை ஆண்ட சந்தா சாகிபு முனிவரை மதித்துப் போற்றினார். 1741இல் மராட்டியர் திருச்சியைக் கைப்பற்றியபின் அவர் தெற்கே சென்றார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கேரளத்து அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார் என்பர். தாய்நாட்டை விட்டுவந்தபின் அவர் அங்கே திரும்பவே இல்லை. 1968இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, மெரீனா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை எழுந்தது.

அவர் காலத்தில் திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே தமிழ் பீடத்தில் ஏறியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதற்குப் பாத்தி கட்டியவர் முனிவர். இன்று நம் இல்லங்களில் தேம்பாவணி இருக்கிறதா? நம் பிள்ளைகள் பிழையின்றித் தமிழில் செபிக்கின்றனரா? ஆலயத்தில் அருகருகே அமரும் நாம் கல்லறையிலும் அருகருகே துயில மனம் வைப்போமா? தேம்பா அணி என்றால் வாடாத மாலை. அம்மாலை நம் பங்கிலும் வாடாதிருக்க, கோணான்குப்பத்துப் பெரியநாயகித் தாயின் மன்றாட்டு நமக்குத் துணைநிற்பதாக!