ஆனந்தரங்கரும் கடலும்

கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், கரையோர வெள்ளத்தை அளக்கக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் உள்ளன. அவை தோன்றுமுன் வீசிய புயல்களை அறிய, கண்டவர் எழுதிவைத்த குறிப்புகளே துணைபுரிகின்றன. புதுச்சேரிக்கு அத்தகைய குறிப்புகளை விட்டுச்சென்றவர் ஆனந்தரங்கர்.

சென்னைப் பெரம்பூரில் 1709 இல் பிறந்த ஆனந்தரங்கர், தந்தை திருவேங்கடத்துடன் புதுச்சேரியில் குடியேறினார். வணிகத்தில் தேர்ந்து, 1747 இல் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியானார். 1736 செப்டம்பர் 6 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். அரசியலும் வணிகமும் மட்டுமன்றி, கப்பல் வரவும் காற்றும் மழையும் அதில் இடம்பெற்றன.

அதற்குக் காரணம் உண்டு. அக்காலப் புதுச்சேரியில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்குகள் சலங்குகளில் கரைசேர்ந்தன. ஐப்பசி, கார்த்திகைப் புயல் ஒன்று வணிகரின் முதலையும் அரசின் வலிமையையும் ஒருசேர அழிக்கவல்லது. 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் வீசிய புயல், லபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படையைச் சிதைத்தது.

1761 சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைப் புயல் தாக்கியது. மூன்று கப்பல்கள் மூழ்கின. மேலும் மூன்று அரியாங்குப்பம் அருகே கரையில் ஒதுங்கின. ஆயினும் முற்றுகை நீங்கவில்லை. அத்திங்களிலேயே நகரம் வீழ்ந்தது. நோயுற்றிருந்த ஆனந்தரங்கரும் அந்நாள்களில் மறைந்தார்.

கையெழுத்துப் படியாகவே கிடந்த நாட்குறிப்பை 1846 இல் கலுவா மொம்பிரன் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை அரசு அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. முன்பு வீசிய அதே வலிமையுடன் ஒரு புயல் இன்று வீசினும், கடல்நீர் அந்த அளவு உயரத்திலிருந்தே எழும். கடல் உயர்ந்து நிற்கும்போது, வில்லியனூர்ப் பக்கம் ஓடும் சங்கராபரணியும் பாகூருக்குத் தெற்கே ஓடும் தென்பெண்ணையும் தம் வெள்ளத்தை விரைந்து வடிக்க இயலாது. ஆதலால், நீர் எந்நாளில் எந்த வீட்டின் எந்தப் படிவரை ஏறியது என்னும் குறிப்பு ஒவ்வோர் ஊருக்கும் தேவை. கருவி ஏதுமின்றி ஆனந்தரங்கர் தொடங்கிய பணியை, அளவுகோலும் ஏடும் கொண்டு இன்றைய மாணவரும் தம் ஊரில் தொடரலாம்.